பிரிட்டிஷ் சிட்காம்கள் திரைப்படமாகும்போது ஏன் வெளிநாடு போகின்றன?

மிஸ்டர் பீனைத் தொலைக்காட்சியில் பார்த்துச் சிரித்தவர்களுக்கு அவருடைய உலகம் எவ்வளவு சிறியது என்பது தெரியும். லண்டனில் ஒரு வாடகை அறை, பழுப்புக் கோட்டு, சிவப்பு டை, கதவில் பூட்டு மாட்டிய பச்சை மினி கார், பேசாத டெடி பொம்மை ஆகியவற்றோடு அந்த உலகம் ஏறக்குறைய முடிந்துவிடும். 1990 ஜனவரி 1 அன்று ஐடிவி அலைவரிசையில் தொடங்கிய அந்தச் சிட்காம், அதாவது நிலையான பாத்திரங்களைக் கொண்ட நகைச்சுவைத் தொடர், 15 பகுதிகளுக்குள் அந்தச் சின்ன வட்டத்தைத் தாண்ட வேண்டிய அவசியமே இல்லாமல் ஓடி முடிந்தது. ஆனால் 1997இல் அதே மனிதரை வைத்துத் திரைப்படம் எடுத்தபோது அவரை லாஸ் ஏஞ்சலஸுக்கு அனுப்பினார்கள். 2007இல் இரண்டாவது படம் எடுத்தபோது பிரான்சுக்கு அனுப்பினார்கள்.

இது பீனுக்கு மட்டும் நேர்ந்தது அன்று. பழைய இரும்புச் சாமான் வியாபாரம் செய்யும் தந்தை மகன் கதையான 'ஸ்டெப்டோ அண்ட் சன்' 1972இல் படமானபோது ஸ்பெயினுக்குப் போனது. லண்டன் துணிக்கடை ஒன்றின் ஊழியர்களைப் பற்றிய 'ஆர் யூ பீயிங் சர்வ்ட்?' 1977இல் ஒரு கற்பனையான ஸ்பானியக் கடற்கரைக்குப் போனது. அமைச்சக அரசியலைப் பகடி செய்த 'தி திக் ஆஃப் இட்' 2009இல் 'இன் தி லூப்' என்ற பெயரில் வாஷிங்டனுக்கும், பள்ளி மாணவர் நால்வரின் கதையான 'தி இன்பிட்வீனர்ஸ்' 2011இல் கிரேக்கத் தீவான கிரீட்டுக்கும் பயணப்பட்டன. இத்தனை பேர் ஒரே வழியைத் தேர்ந்தெடுத்ததற்கு அழகான கடற்கரை மட்டும் காரணமாக இருக்க முடியாது. அதன் அடியில் கதைசொல்லல் தொடர்பான ஒரு சிக்கல் இருக்கிறது. அந்தச் சிக்கலைப் புரிந்துகொண்டால், இத்தகைய படங்களில் எது தேறும், எது தேறாது என்பதைப் பார்வையாளரே ஓரளவு கணித்துவிடலாம்.

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. ஒரு நாட்டின் தொடரை இன்னொரு நாட்டுக்காரர்கள் உரிமை வாங்கித் தங்கள் ஊர்க் கதையாகவே மாற்றி எடுப்பது உண்டு. பிபிசியில் 2001இல் வந்த 'தி ஆபிஸ்' 2005 முதல் அமெரிக்கத் தொடராக வேறு நடிகர்களோடு, வேறு ஊரில் ஓடியது அப்படித்தான். அது மறுஆக்கம். நாம் பேசுவது வேறொன்றைப் பற்றி: பெரும்பாலும் அதே பாத்திரங்கள், அதே நடிகர்கள், அதே எழுத்தாளர்கள், ஆனால் சின்னத்திரை பெரிய திரையாகிறது, கதை நடக்கும் இடம் பிரிட்டனை விட்டு வெளியே போகிறது. இங்கே மனிதர்கள் பிரிட்டிஷ்காரர்களாகவே இருக்கிறார்கள், சுற்றியுள்ள எல்லாம் மாறிவிடுகிறது.

சிட்காம் என்ற வடிவத்தின் அடிப்படை விதி, யாரும் தப்பித்துப் போகக் கூடாது என்பது. ஒரு வீடு, ஒரு கடை, ஓர் அலுவலகம் என்று ஏதாவது ஓரிடத்தில், ஒருவரை ஒருவர் சகித்துக்கொள்ள முடியாத ஆனால் விட்டுவிட்டுப் போகவும் முடியாத சிலரை அடைத்து வைத்து, அரை மணி நேரத்துக்கு ஒரு சிறு குழப்பத்தை உண்டாக்கி, முடிவில் எல்லாரையும் தொடங்கிய இடத்துக்கே கொண்டுவந்து நிறுத்துவார்கள். 'ஸ்டெப்டோ அண்ட் சன்' இதற்குச் சிறந்த உதாரணம். நாற்பதை நெருங்கும் மகன் ஹெரால்டு, லண்டனின் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில் உள்ள அந்தக் குப்பைமேட்டு வீட்டை விட்டும் தந்தை ஆல்பர்ட்டை விட்டும் வெளியேறிப் படித்தவனாக, நாகரிகமானவனாக வாழ ஏங்குகிறான். ஒவ்வொரு வாரமும் முயல்கிறான். ஒவ்வொரு வாரமும் தந்தையின் தந்திரமோ அவனுடைய இரக்கமோ அவனைத் திரும்ப இழுத்துவிடுகிறது. அவன் ஒரு வாரம் உண்மையிலேயே போய்விட்டால் தொடர் அன்றோடு முடிந்தது.

திரைப்படத்தின் தேவை இதற்கு நேர் எதிரானது. ஒன்றரை மணி நேரம் இருட்டில் அமர்ந்திருப்பவர், தொடங்கிய இடத்துக்கே திரும்பி வருவதைக் கதை என்று ஏற்பது கடினம். யாராவது ஒருவர் மாற வேண்டும், எதையாவது பெறவோ இழக்கவோ வேண்டும். மூன்று அரை மணி நேரப் பகுதிகளை ஒட்டித் தைத்தால் நேரக்கணக்கு சரியாக வருமே தவிர, படம் வராது. 1970களின் தொடக்கத்தில் பிரிட்டனில் சிட்காம் படங்கள் வரிசையாக வந்தன. திகில் படங்களுக்குப் பேர்போன ஹேமர் நிறுவனம் 1971இல் எடுத்த 'ஆன் தி பஸ்ஸஸ்' வசூலில் பெரும் வெற்றி பெற்று, அடுத்தடுத்து இரண்டு தொடர்ச்சிப் படங்களையும் கொண்டுவந்தது. அந்த அலையில் வந்த பல படங்களை இன்று பார்க்கும்போது ஒட்டுத்தையல் நன்றாகவே தெரிகிறது. இருபது நிமிடத்துக்கு ஒரு முறை கதை மூச்சு வாங்கிவிட்டுப் புதிதாகத் தொடங்குகிறது.

வெளிநாட்டுப் பயணம் இந்தச் சிக்கலுக்குக் கிடைத்த வழிகளில் ஒன்று. இடத்தை எடுத்துவிட்டு உறவுகளை மட்டும் வைத்துக்கொள்வதற்கு அது இயல்பான காரணத்தைத் தருகிறது. அத்துடன் பயணத்துக்கு என்றே ஒரு தொடக்கமும் நடுவும் முடிவும் உண்டு. எழுத்தாளர் தலையை உடைத்துக்கொள்ளாமலே கதைக்கு ஒரு முதுகெலும்பு கிடைத்துவிடுகிறது. பிரிட்டிஷ் பார்வையாளர்களுக்கு அது அந்நியமான அனுபவமும் அன்று. விளாடிமிர் ரைட்ஸ் என்பவர் 1950இல் தம் ஹொரைசன் நிறுவனம் மூலம் விமானக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாவற்றையும் ஒரே விலைக்குள் அடக்கி கோர்சிகா தீவின் கால்வி என்ற ஊருக்கு ஆட்களை அழைத்துப் போனதிலிருந்து, பேக்கேஜ் சுற்றுலா என்பது அங்கே படிப்படியாக வளர்ந்து, எழுபதுகளில் ஸ்பெயின் கடற்கரையில் இரண்டு வாரம் என்பது உழைக்கும் குடும்பங்களும் கைக்கெட்டும் என நம்பக்கூடிய ஆசையாகிவிட்டிருந்தது. ஆகவே திரைப்பாத்திரங்கள் பெட்டியைக் கட்டுவதில் யாருக்கும் வியப்பில்லை.

ஆனால் பயணம் என்பது இடத்தை மாற்றுவதோடு நின்றுவிட்டால் போதாது. இதை விளக்க 1972, 1977 ஆண்டுகளின் இரண்டு ஸ்பெயின் படங்களை அருகருகே வைக்கலாம். ஸ்டெப்டோ படத்தில் ஹெரால்டு திடீரென்று சீட்டா என்ற பெண்ணை மணந்துகொள்கிறான். தேனிலவுக்கு ஸ்பெயின் போகிறார்கள். அப்பனும் கூடவே வருகிறார். அங்கே சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் ஆல்பர்ட் படுத்துவிட, நோயாளித் தந்தையை ஊருக்கு அழைத்துப் போகும் விமானத்தில் ஹெரால்டுதான் உடன் ஏற வேண்டியிருக்கிறது. புது மனைவி அங்கேயே நிற்கிறாள். ஆயிரம் மைல் தள்ளிப் போனாலும் அந்த வீடு ஹெரால்டைப் பின்தொடர்ந்து வந்து பிடித்துக்கொள்கிறது. இந்தக் கட்டத்தில் வேடிக்கையும் வேதனையும் சேர்ந்தே எழுகின்றன. தொலைக்காட்சியில் வாராவாரம் பார்த்த அதே பொறிதான்; இடம் மாறியதால் அது இன்னும் தெளிவாகத் தெரிகிறது.

மாறாக 1977 படத்தில், கடையைப் புதுப்பிக்க மூடுவதால் ஊழியர்கள் எல்லாரையும் நிர்வாகமே மொத்தமாகச் சுற்றுலா அனுப்புகிறது. அவர்கள் போய் இறங்கும் 'கோஸ்டா பிளோங்கா' என்ற கற்பனை ஊர் ஸ்டுடியோவுக்குள் போட்ட செட். செட் என்பது குறை அன்று. எத்தனையோ நல்ல படங்கள் செட்டில் பிறந்திருக்கின்றன. குறை என்னவென்றால், அந்த ஊர் பாத்திரங்களை எதுவும் செய்வதில்லை. கடையின் துணிப்பிரிவில் பேசிய அதே இரட்டை அர்த்த வசனங்களை ஹோட்டல் முற்றத்தில் பேசுகிறார்கள். உள்ளூர்க்காரர்களோ, சர்வர், புரட்சிக்காரன் என்று உச்சரிப்பைக் காட்டிச் சிரிக்க வைப்பதற்காக மட்டும் வந்து போகிறார்கள். வெளிநாட்டில் நடக்கும் நகைச்சுவையில் சிரிப்பு யார் மேல் விழுகிறது என்பது ஒழுக்கம் சார்ந்த கேள்வி மட்டுமன்று, கலை சார்ந்த கேள்வியும்தான் என்பது என் உறுதியான எண்ணம். வந்தவரின் அறியாமை மேல் விழுந்தால் நாம் நேசித்த பாத்திரம் இன்னும் ஆழமாகிறது. இருப்பவரின் பேச்சு மேல் விழுந்தால் பாத்திரம் அப்படியே நிற்கிறது, நகைச்சுவை சில ஆண்டுகளில் புளித்துப்போகிறது.

இனி மையச் சிக்கலுக்கு வருவோம். சிட்காம் பாத்திரம் மாறக் கூடாது, படத்தில் யாராவது மாறியாக வேண்டும் என்றால், மாறுவது யார்? 1997இன் 'பீன்' படம் இதற்குக் கண்டுபிடித்த விடை மிகத் தெளிவானது. ரிச்சர்ட் கர்ட்டிஸும் ராபின் டிரிஸ்கலும் எழுத, மெல் ஸ்மித் இயக்கிய அந்தப் படத்தில், லண்டன் ஓவியக் கூடமொன்றில் காவலாளியாக இருக்கும் பீனை எப்படியாவது தொலைத்தால் போதும் என்று நிர்வாகம் அவரை ஒரு நிபுணராகக் காட்டி லாஸ் ஏஞ்சலஸுக்கு அனுப்பிவிடுகிறது. அங்கே அவரைத் தன் வீட்டில் தங்கவைப்பவர் டேவிட் லாங்லி என்ற அருங்காட்சியக அதிகாரி. அவருக்கு மனைவி உண்டு, இரண்டு பிள்ளைகள் உண்டு, காப்பாற்றிக்கொள்ள வேண்டிய வேலை உண்டு. பீன் வந்த சில நாட்களில் மனைவி பிள்ளைகளோடு வீட்டை விட்டுப் போகிறாள், வேலை ஊசலாடுகிறது, பிறகு எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பக் கிடைக்கின்றன. கதையின் ஏற்றத்தாழ்வு முழுவதும் டேவிட்டுடையது. பீனோ வந்தபடியே திரும்பிப் போகிறார்.

இந்த ஏற்பாடு எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரே காட்சியில் பார்க்கலாம். ஐந்து கோடி டாலருக்கு வாங்கி வந்திருக்கும் அமெரிக்க ஓவியர் விஸ்லர் தன் தாயை வரைந்த புகழ்பெற்ற ஓவியத்தின் முன்னால் பீன் தனியாக நிற்கிறார். முகத்தை அருகே கொண்டுபோய்ப் பார்க்கும்போது தும்மல் வருகிறது. சாரல் ஓவியத்தின் மேல் தெறிக்கிறது. பதறிப்போய்ச் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துத் துடைக்கிறார். அதில் பேனா மை ஊறியிருப்பதை அவர் கவனிக்கவில்லை. கிழவியின் முகத்தில் நீலக்கறை. கறையை எடுக்கக் கரைப்பான் தேடிப் பூசுகிறார்; கறையோடு முகமும் கரைந்துபோகிறது. கடைசியில் வெறுமையாகிவிட்ட அந்த இடத்தில் பேனாவால் ஒரு கார்ட்டூன் முகத்தை வரைந்து வைக்கிறார். இதுவரை நடப்பது தொலைக்காட்சி பீன்தான்: ஒரு சிறு தவறு, அதைத் திருத்தப்போய் அதைவிடப் பெரிய தவறு. தொடராக இருந்தால் அந்தப் பகுதி இங்கே முடிந்திருக்கும். படத்தில் அடுத்த நொடி டேவிட் உள்ளே வருகிறார். சேதத்தின் விலையைத் தன் வாழ்க்கையால் கொடுக்க வேண்டியவர் அவர். நாம் பீனைப் பார்த்துச் சிரிக்கிறோம், டேவிட்டைப் பார்த்துப் பதறுகிறோம்; ஒன்றரை மணி நேரத்தைத் தாங்குவது இந்த இரட்டை உணர்ச்சி. முடிவில் டேவிட்டின் குடும்பம் ஒன்றுசேர்ந்துவிட, லண்டன் அறைக்குத் திரும்பிய பீனின் சுவரில் அந்தக் கெட்டுப்போன அசல் ஓவியம் தொங்குகிறது. அவர் எதையும் கற்றுக்கொள்ளவில்லை. அப்படித்தான் இருக்க வேண்டும்.

தொடரிலிருந்து எதை எடுத்துப் போவது என்பதற்கும் அதே படம் பாடம். 1992 கிறிஸ்துமஸ் பகுதியில் வான்கோழிக்குள் பீனின் தலை மாட்டிக்கொள்வதைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். படத்தில் டேவிட்டின் வீட்டு விருந்தில் அதே வான்கோழி மறுபடி வருகிறது. பழைய ரசிகருக்கு அது பழகிய மகிழ்ச்சி. தொடரையே பார்க்காத அமெரிக்கருக்கு அது முதல் முறை. இத்தகைய படங்கள் இரண்டு வகைப் பார்வையாளர்களுக்கும் ஒரே டிக்கெட்டில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அதனாலேயே புதிய ஊர்க்காரர் ஒருவரின் கண்வழியாகப் பாத்திரத்தை அறிமுகம் செய்வது கைகொடுக்கிறது. டேவிட் பீனைப் புரிந்துகொள்ளும் வேகத்தில் புதுப் பார்வையாளரும் புரிந்துகொள்கிறார். அந்தப் படம் உலக அளவில் ஏறத்தாழ 25 கோடி டாலர் வசூலித்தது.

பெரிய திரைக்குப் போகும்போது கைநழுவும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பீனின் பகுதிகளில் பார்வையாளரின் சிரிப்பொலி ஒலிப்பதிவில் கூடவே இருந்தது. 'ஆர் யூ பீயிங் சர்வ்ட்?' போன்ற தொடர்களில் நடிகர்கள் அந்தச் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து அடுத்த வரியைச் சொல்வார்கள். வசனத்தின் தாளமே அந்தக் காத்திருப்பால் ஆனது. திரைப்படத்தில் சிரிப்பொலி கிடையாது. பழைய தாளத்திலேயே நடித்தால் காத்திருக்கும் இடங்கள் ஓட்டைகளாகத் தெரியும். கேமரா வெளியே போய் ஒரு தெருவையும் கூட்டத்தையும் காட்ட முடிகிறபோது, அந்த இடைவெளிகளைப் பார்ப்பதற்கான விஷயங்களால் நிரப்ப முடிகிறது.

2007இல் ஸ்டீவ் பெண்டலாக் இயக்கிய 'மிஸ்டர் பீன்ஸ் ஹாலிடே' இதை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டது. முதல் படத்தைவிட இதுவே எனக்கு நெருக்கமானது. தேவாலயக் குலுக்கலில் கான் நகரத்துக் கடற்கரை விடுமுறையும் ஒரு வீடியோ கேமராவும் பரிசாக விழுகின்றன. பாரிஸில் தவறான டாக்ஸியில் ஏறி நகரின் மறுமுனைக்குப் போய்விட்ட பீன், ரயில் நிலையம் இருக்கும் திசையைத் திசைகாட்டியில் பார்த்துக்கொண்டு, குறுக்கே வரும் வாகனம், உணவக மேசை எதையும் பொருட்படுத்தாமல் நேர்கோட்டில் நடக்கிறார். பிறகு கார் து லியோன் நிலையத்துக்குள் இருக்கும் 'ல த்ரேன் ப்ளூ' என்ற புகழ்பெற்ற உணவகத்தில் அவர் முன்னால் கடல் உணவுத் தட்டு ஒன்று வந்து இறங்குகிறது. சிங்கி இறாலை ஓட்டோடு கடித்து மெல்கிறார். பச்சைச் சிப்பியை விழுங்க மனம் வராமல், சாப்பிட்டதுபோல் பாவனை செய்து, ஒவ்வொன்றாகக் கைக்குட்டையில் சேர்த்துப் பக்கத்து மேசைப் பெண்ணின் கைப்பைக்குள் கொட்டிவிடுகிறார். சற்றுப் பொறுத்து அந்தப் பையிலிருந்து கைபேசி ஒலிக்கிறது. உபசரிப்பவர்கள் யாரும் தவறாக நடக்கவில்லை, உணவும் தரமானது. தன் இயலாமையை மறைத்துக் கௌரவத்தைக் காக்கப் பீன் படும் பாடுதான் சிரிப்பு. பிரான்ஸ் இங்கே கேலிப்பொருளாவதில்லை. பீன் அதிகம் பேசாதவர் என்பதால் மொழி தெரியாத ஊரில் அவர் மற்றச் சுற்றுலாப் பயணிகளுக்குச் சமமாகிவிடுகிறார் என்பதையும் கவனிக்க வேண்டும். மாறுகிற பொறுப்பு இங்கும் மற்றவர்களுக்கே: தந்தையைப் பிரிந்துவிட்ட ஸ்டெபான் என்ற சிறுவனுக்கும், வாய்ப்புத் தேடும் நடிகை சபீனுக்கும்.

பாத்திரங்கள் மாறுவதையே கதையாக்கும் வழியும் உண்டு, ஆனால் அதற்குத் தொடர் முடிந்திருக்க வேண்டும். 'தி இன்பிட்வீனர்ஸ்' இ4 அலைவரிசையில் 2008 முதல் 2010 வரை ஆறு ஆறாக மொத்தம் 18 பகுதிகள் வந்து நின்றுவிட்டது. வில், சைமன், ஜே, நீல் ஆகிய நால்வரும் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டார்கள்; இனி ஒவ்வொருவரும் ஒவ்வொரு திசை. கிரீட் தீவின் மாலியா என்ற கேளிக்கை ஊருக்குப் போகும் அந்தப் பயணம், சிறுவர்களாக அவர்கள் சேர்ந்திருக்கும் கடைசி நாட்கள். சைமனின் மஞ்சள் ஃபியட் கார் அங்கே இல்லை, பள்ளி வராந்தா இல்லை, கண்டிக்கும் ஆசிரியர் கில்பர்ட் இல்லை. பாதுகாப்பாக இருந்த எல்லாம் ஊரில் நின்றுவிட, தங்களைப் பற்றி அவர்கள் சொல்லி வந்த பொய்களை அந்நியப் பெண்கள் நால்வர் முன்னால் நிரூபிக்க வேண்டியதாகிறது. டேமன் பீஸ்லியும் இயன் மாரிஸும் எழுதி, தொடரையும் இயக்கிய பென் பால்மர் எடுத்த அந்தப் படம், சுமார் 35 லட்சம் பவுண்டு செலவில் உருவாகி பிரிட்டனில் மட்டும் ஏறக்குறைய 4.5 கோடி பவுண்டு ஈட்டியது. வெளிநாடுகளில் அதே அளவு எடுபடவில்லை. அதன் உயிர் வட்டாரப் பேச்சிலும் பதின்வயதுக் கொச்சையிலும் இருந்தது. கதை வெளிநாட்டில் நடப்பதாலேயே வெளிநாட்டுப் பார்வையாளர் வந்துவிடுவார் என்று தயாரிப்பாளர்கள் எண்ணினால் அது தவறான கணக்கு.

விடுமுறையே இல்லாமல் வேலை நிமித்தம் வெளிநாடு போன படம் ஆர்மாண்டோ இயனூச்சியின் 'இன் தி லூப்'. தொடரில் மால்கம் டக்கர் என்ற பிரதமர் அலுவலகத் தொடர்பாளர் வாயைத் திறந்தால் அமைச்சர்களே நடுங்குவார்கள். போருக்கு ஆதரவு திரட்டும் கதைக்குள் அவர் வாஷிங்டன் போகும்போது, மிக இளவயது அதிகாரி ஒருவர் முன்னால் உட்காரவைக்கப்படுகிறார். லண்டனில் புலியாக இருந்தவர் அங்கே ஒரு சிறிய கூட்டாளி நாட்டின் ஊழியர், அவ்வளவுதான். பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் இடையிலான உறவைப் பற்றிய கசப்பான உண்மை ஒன்று, ஊர் மாறியதாலேயே ஒரு சொல் விளக்கமின்றி வெளிப்பட்டுவிடுகிறது. இன்னொரு காட்சியில், விருந்து நடக்கும் வீட்டின் குழந்தை அறையில் ஒதுங்கிய அமெரிக்க ஜெனரல் மில்லர், எத்தனை படைவீரர்கள் இருக்கிறார்கள் என்பதைப் பொம்மைக் கால்குலேட்டரில் கூட்டிப் பார்க்கிறார். மால்கமையும் அவருடைய கையாள் ஜேமியையும் போன்ற மிகச் சிலரைத் தவிர, தொடரில் நடித்தவர்கள் பலர் இந்தப் படத்தில் வேறு பாத்திரங்களாக வருகிறார்கள். ரசிகர்களுக்குப் பழகிய முகங்கள் கிடைக்கின்றன, எழுத்தாளர்களுக்குப் புதிய கதைக்கான சுதந்திரம் கிடைக்கிறது. துணிச்சலான இந்த ஏற்பாடு ஏன் அடிக்கடி பின்பற்றப்படவில்லை என்பது எனக்குப் புதிராகவே இருக்கிறது. தழுவல் திரைக்கதைக்கான ஆஸ்கர் பரிந்துரையும் இந்தப் படத்துக்குக் கிடைத்தது.

இந்த வகையை முதன்முதலாக அணுகுகிறவர்கள் 1992இன் கிறிஸ்துமஸ் பகுதியையும் 1997இன் 'பீன்' படத்தையும் ஒரே நாளில் அடுத்தடுத்துப் பார்ப்பது நல்ல தொடக்கம். வான்கோழி வரும் இரண்டு காட்சிகளிலும் அறையில் வேறு யார் இருக்கிறார்கள், அவர்கள் முகத்தில் எவ்வளவு நேரம் கேமரா நிற்கிறது என்பதை மட்டும் கவனித்தாலே தொடருக்கும் படத்துக்கும் உள்ள வேறுபாடு பிடிபட்டுவிடும். அதன்பின் ஸ்டெப்டோவின் ஸ்பெயின் காட்சிகளுக்குப் போகலாம். 'இன் தி லூப்' படத்துக்குத் தொடரைப் பார்த்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. 'இன்பிட்வீனர்ஸ்' படத்தை மட்டும் தொடரைப் பார்த்து முடித்த பிறகு பார்ப்பது நல்லது. அந்த நால்வரையும் பள்ளியில் சந்திக்காதவருக்கு அவர்கள் மாலியாவில் இழப்பதும் பெறுவதும் இன்னவென்று விளங்காது.